வாள் நுனியில் ஒரு சொட்டு நஞ்சு

டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ் என்ற கணினி விளையாட்டைக் கொஞ்ச நாள் ஆடியவர்கள் எல்லோருக்கும் இந்த ஆசை வரும். பாதாளக் குகையில் ராட்சதச் சிலந்தி இருக்கிறது, அது கடித்தால் ஆள் அப்படியே விறைத்து, மூச்சு நின்று போகிறான். நம் குள்ளர்களிடம் நல்ல எஃகு வாள் இருக்கிறது. அந்த விஷத்தை எடுத்து இந்த வாளில் தடவினால் என்ன? கோட்டை ஆட்டத்தில் அதற்கு ஒரு கட்டளை கிடையாது. சோப்பு காய்ச்ச, தேன் பிழிய, மீன் சுத்தம் பண்ண, பாலாடைக்கட்டி செய்ய எல்லாவற்றுக்கும் ஆள் போடலாம், விஷம் தடவ மட்டும் போட முடியாது. எனக்கும் அது குறைதான். ஆனால் இந்த ஆட்டம் திரவம் என்ற ஒன்றை எவ்வளவு அக்கறையாக நடத்துகிறது என்று பார்த்தவன் என்கிற முறையில், அவசரப்பட்டு ஒரு பொத்தானை வைத்துவிடக் கூடாது என்றும் சொல்வேன். வைத்தால் முறையாக வைக்க வேண்டும். எது முறை என்று யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆடாதவர்களுக்காக இரண்டு வரி. ஜாக் ஆடம்ஸ், தார்ன் ஆடம்ஸ் என்ற அண்ணன் தம்பி 2002-இல் ஆரம்பித்து, 2006-இல் முதல் பதிப்பை இலவசமாக வெளியிட்டு, 2022 டிசம்பரில் படங்களோடு ஸ்டீம் என்ற இணையக் கடையில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆட்டம் இது. ஏழு குள்ளர்கள் ஒரு வண்டியோடு வந்து இறங்குவார்கள். அவர்களுக்கு வேலை சொல்லலாம், கையைப் பிடித்து ஆட்டி வைக்க முடியாது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012-இல் முதன்முதலாகத் தன் சேகரிப்பில் சேர்த்த 14 வீடியோ கேம்களில் இதுவும் ஒன்று. அறிமுகம் போதும், தண்ணீருக்குப் போவோம்.

இந்த உலகத்தில் திரவங்கள் இரண்டு வகை. இந்தப் பிரிவைப் புரிந்துகொள்ளாமல் விஷத்தைப் பற்றிப் பேசவே முடியாது.

முதல் வகையில் தண்ணீரும், மாக்மா என்கிற உருகிய பாறைக் குழம்பும் மட்டும். நிலம் முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கும், ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் 1 முதல் 7 வரை ஏதாவது ஓர் அளவில் நிற்கும். 7 என்றால் கட்டம் நிறைந்துவிட்டது. 3 வரை குள்ளர் நடந்தே போய்விடுவார், 4-க்கு வந்துவிட்டால் நீச்சல் வேண்டும், 7-இல் நீச்சல் தெரியாதவர் மூழ்குவார். 1 என்று மெலிந்து கிடக்கிற தண்ணீர் கொஞ்ச நேரத்தில் ஆவியாகிப் போகும். பக்கத்தில் குறைவாக இருந்தால் அங்கே பாயும், கீழே காலியாக இருந்தால் இறங்கும். ஆற்றிலிருந்து நேராகவோ மேலிருந்தோ வருகிற தண்ணீருக்கு அழுத்தமும் உண்டு. கீழே போய் வளைந்து, மறுபக்கம் கிளம்பின மட்டத்துக்கு ஏறும். இது தெரியாமல் கோட்டைக்குள் கிணறு வெட்டினால் சாப்பாட்டுக் கூடம் வரை தண்ணீர் வந்துவிடும்.

நான் மேலூர்ப் பக்கத்துக்காரன். என் மாமா எங்கள் ஊர்க் கண்மாய்க்கு நீர்பாய்ச்சி, எந்த மடையை எப்போது எவ்வளவு திறப்பது என்பது அவர் பொறுப்பு. ஒருமுறை வீட்டுக்கு வந்திருந்தபோது திரையில் நீல எண்கள் ஓடுவதைப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன மாப்ளே, தண்ணி மேட்டுல ஏறுது?"

"அழுத்தம் மாமா. ஆத்துல இருந்து நேரா வருதுல்ல, அந்த மட்டத்துக்கு ஏறிரும்."

"அப்ப வாய்க்காலை நேரா வெட்டாத. முக்குல ஒரு ஒடிப்பு குடு, வேகம் அடங்கும்."

ஆட்டத்திலும் வைத்தியம் அதுதான். சும்மா வளைத்தால் போதாது, தண்ணீர் ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மூலைக்கு மூலை, குறுக்காக மட்டும் நுழையும்படி வெட்ட வேண்டும். அந்த ஒரு மூலையில் அழுத்தம் செத்துவிடும். மேலூர் வட்டாரத்தில் தண்ணீரோடு வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் விளக்கத் தேவையே இல்லை. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை வந்து, மேற்கே ஓடிக்கொண்டிருந்த ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி விட்டதால் சோறு சாப்பிடுகிற ஊர்கள் எங்களுடையவை. பென்னிகுக் படம் மாட்டியிருக்கிற டீக்கடையில் உட்கார்ந்து யோசித்தால் குள்ளர்கள் எதற்காக மலையைக் குடைகிறார்கள் என்று தனியாகக் கேட்கத் தோன்றாது.

மாக்மா இதே விதிகளில்தான் நகரும், ஆனால் அதற்குத் தானாக அழுத்தம் கிடையாது. ஸ்க்ரூ பம்ப் வைத்துத் தள்ளினால்தான் மேலே ஏறும். அதன் வெப்பம் ஆட்டத்தின் சொந்த அளவுகோலில் 12000. அந்த அளவில் தண்ணீர் 10000-இல் உறைகிறது, 10180-இல் கொதிக்கிறது. 9968-ஐக் கழித்தால் ஃபாரன்ஹீட் வந்துவிடும், அப்படிப் பார்த்தால் மாக்மா ஏறத்தாழ 1111 செல்சியஸ். இரும்பு உருகுகிற புள்ளி அதைவிட நன்றாக மேலே இருப்பதால்தான் இரும்பில் செய்த பம்ப் தாங்குகிறது. தண்ணீரும் மாக்மாவும் தொட்டால் அப்சிடியன் பாறை. இதை வைத்து மக்கள் செய்கிற அகழிகளும் பொறிகளும் தனிக் கட்டுரைக்கு ஆகும், அங்கே போகவில்லை.

இரண்டாவது வகையில்தான் மற்ற எல்லாம் வருகிறது: ரத்தம், வாந்தி, பால், சாராயம், விஷம். இவை பாயாது. இவற்றுக்கு 7-இல் இத்தனை என்ற ஆழம் கிடையாது. ஒன்று, பாத்திரத்துக்குள் ஒரு பொருளாக இருக்கும். இல்லையென்றால் எதன் மேலாவது பூச்சாக ஒட்டியிருக்கும். தரையில் ஒரு தெளிப்பு, சட்டையில் ஒரு கறை, இடது கை மூன்றாவது விரலில் ஒரு தீற்றல், இப்படி. அதனால் சிலந்தி விஷத்தால் அகழியை நிரப்ப வேண்டும் என்ற கனவு நடக்காது. ஆனால் அந்த விஷம் ஒரு படைவீரனின் எந்தக் காலில், எந்த விரலில் பட்டது என்பதை ஆட்டம் ஞாபகம் வைத்திருக்கும். பாய்கிற தண்ணீருக்கு அளவு உண்டு, வரலாறு கிடையாது. ஒட்டுகிற திரவத்துக்கு யாருடையது, எங்கே பட்டது என்ற முழு விவரமும் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் பெரிய அதிசயமாகத் தெரிகிறது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பூனைகள் கதையைச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் வந்த பதிப்பில் சாராயக் கடைகள் சேர்ந்தன. சேர்ந்த கொஞ்ச நாளில் பூனைகள் வாந்தி எடுத்துச் சாகின்றன என்று புகார்கள் வந்தன. தார்ன் ஆடம்ஸ் தேடிப் பார்த்தபோது கிடைத்தது இது: குள்ளர்கள் குடிக்கும்போது சாராயம் தரையில் சிந்துகிறது, பூனை அதன் மேல் நடக்கிறது, பாதத்தில் ஒட்டுகிறது, பூனைக்கே உரிய பழக்கப்படி பாதத்தை நக்கிச் சுத்தம் செய்கிறது, அப்போது உள்ளே போன தீற்றலை ஒரு முழுக் கோப்பை என்று நிரல் கணக்குப் போட்டுவிட்டது. பூனையின் உடம்புக்கு ஒரு கோப்பை தாங்குமா? பிழை அந்த அளவுக் கணக்கில் மட்டும்தான் இருந்தது. தரையிலிருந்து பாதம், பாதத்திலிருந்து நாக்கு, நாக்கிலிருந்து ரத்தம் என்ற அந்தப் பாதையை யாரும் பூனைக்காகத் தனியாக எழுதி வைக்கவில்லை. சின்னச் சின்ன விதிகள் ஒன்றை ஒன்று தொட்டபோது அது தானாக உருவானது. விஷத்தைப் பற்றி யோசிக்கிற யாரும் முதலில் இந்தப் பூனையைத்தான் யோசிக்க வேண்டும், ஏனென்றால் வாளில் தடவிய விஷம் வாளிலேயே இருக்கப் போவதில்லை.

என் கோட்டை ஒன்றில் பாதாளத்திலிருந்து மறக்கப்பட்ட மிருகம் ஒன்று ஏறி வந்தது. இந்த மிருகங்களை ஆட்டம் ஒவ்வொரு உலகத்துக்கும் புதிதாக உருவாக்கும், சிலவற்றின் மூச்சில் நஞ்சு, சிலவற்றின் ரத்தமே நஞ்சு. இது ரத்தக்காரி. படை அதை வெட்டிச் சாய்த்தது, யாருக்கும் பெரிய காயமில்லை. ஆனால் வெட்டினவர்கள் மேலெல்லாம் அந்த ரத்தம். அவர்கள் படியேறி வந்தார்கள், காலணியில் ஒட்டியது படிக்கட்டில் பட்டது, படிக்கட்டில் பட்டது அடுத்து வந்தவர் காலில் பட்டது, உரிஸ்ட் என்ற கல்தச்சர், சண்டையைப் பார்க்காதவர், ஆயுதமே தொடாதவர், அவருடைய பாதம் கொப்பளித்துச் சதை அழுக ஆரம்பித்தது. அந்த வழி முழுக்கப் பூச்சைத் தரையில் தேடிப் பிடித்துப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மிருகம் செத்த பிறகும் அது சண்டையை முடிக்கவில்லை.

நாகமலையை மதுரையில் எங்கே நின்றாலும் பார்க்கலாம், மேற்கே நீளமாகப் படுத்திருக்கும். திருவிளையாடல் கதையில் அது எதிரிகள் ஏவிய ராட்சதப் பாம்பு. பாண்டியன் அம்பெய்து வீழ்த்தினான், பாம்பு நஞ்சைக் கக்கியது, ஊரே மயங்கியது. கடைசியில் இறைவன் சடையிலிருக்கும் பிறையின் அமுதத்தைத் தெளித்துத்தான் நஞ்சு நீங்கியது. சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. பாம்பைக் கொல்வதோடு முடியாது, ஊரைக் கழுவவும் வேண்டும் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. குள்ளர் கோட்டையில் பிறையமுதம் கிடைக்காது. தண்ணீரும் சோப்பும்தான்.

இப்போது விஷம் எப்படி வேலை செய்கிறது என்பது. 2010-இல் வந்த பெரிய பதிப்பிலிருந்து ஆட்டத்தில் சிண்ட்ரோம் என்ற அமைப்பு இருக்கிறது. ஒரு பொருள் உடம்புக்குள் போவதற்கு நான்கு வழிகள்: மூச்சில் இழுப்பது, விழுங்குவது, தோலில் படுவது, உள்ளே குத்திச் செலுத்துவது. எந்த வழியில் போனால் வேலை செய்யும் என்று ஒவ்வொரு விஷத்துக்கும் தனித்தனியாக எழுதியிருக்கும். வலி, வீக்கம், கொப்புளம், அழுகல், வாதம் என்று என்ன ஆகும், எப்போது ஆரம்பிக்கும், எப்போது உச்சம், எப்போது தீரும், உடம்பு பெரிதாக இருந்தால் வீரியம் குறையுமா, எதிர்ப்புச் சக்தி தடுக்குமா என்பதெல்லாம் சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், மாற்றலாம். ராட்சதச் சிலந்தியின் விஷம் குத்திச் செலுத்தும் வகை. அது தரையில் கிடந்தாலோ கையில் பட்டாலோ ஒன்றும் செய்யாது.

இது நம் ஊர்ப் பாம்புக்கும் பொருந்துகிற விவரம். வயல்காட்டில் இருக்கிறவர்களுக்கு நாலு பாம்பு நன்றாகத் தெரியும்: நல்ல பாம்பும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்கும், கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் ரத்தத்தைக் கெடுக்கும். நாலுக்கும் சேர்த்துத்தான் நம் மருத்துவமனைகளில் முறிவு மருந்து வைத்திருக்கிறார்கள். அந்த மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுப்பதில் 1978-இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு பாம்பின் வாயிலிருந்து துளித்துளியாக எடுத்து, உலர்த்தி, பத்திரப்படுத்துகிற அந்த வேலைக்கு எவ்வளவு கைப்பழக்கம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். வாளில் விஷம் தடவ ஒரு பொத்தான் போதும் என்று சொல்கிறவர்களிடம் எனக்கு இருக்கிற வருத்தம் இதுதான், அந்தக் கைப்பழக்கம் முழுவதும் அதில் காணாமல் போய்விடுகிறது.

நிஜ உலகத்தில் விஷ ஆயுதம் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் வேட்டைக்காரர்கள். அமேசான் காட்டில் ஊதுகுழல் அம்பில் தடவிய குராரே தசைகளை முடக்கி மிருகத்தின் மூச்சை நிறுத்தும், ஆனால் அந்த இறைச்சியைச் சமைத்துச் சாப்பிடலாம், ஏனென்றால் விழுங்கினால் அது ரத்தத்தில் சரியாக ஏறாது. குத்துவது வேறு, விழுங்குவது வேறு என்ற ஆட்டத்தின் பிரிவு இங்கே அப்படியே இருக்கிறது. தென்னாப்பிரிக்கப் பக்கத்துச் சான் மக்கள் வண்டின் புழுவிலிருந்து எடுக்கும் நஞ்சை அம்பின் கூர்முனையில் தடவ மாட்டார்கள், அதற்குப் பின்னால் இருக்கிற தண்டில் தடவுவார்கள். தெரியாமல் தன் விரலில் கீறிக்கொண்டால் தனக்கே வினையாகும் என்பதால். விஷத்தை வைத்திருக்கிறவனுக்கு முதல் எதிரி அந்த விஷம்தான், அவனுடைய தொழில்நுட்பத்தில் பாதி தன்னைக் காத்துக்கொள்வதற்கே போகிறது.

சரி, ஆட்டத்தில் ஏற்கெனவே என்னென்ன இருக்கிறது என்று பார்த்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. பிடித்த சிறு பிராணிகளிலிருந்து சாறு எடுக்கிற வேலை உண்டு, நெருப்புப் பாம்பிலிருந்து திரவ நெருப்பு என்றே ஒன்று கிடைக்கும். கோபோல்ட் பல்ப் என்ற செடியிலிருந்து நோம்பிளைட் என்ற நஞ்சைக் குப்பியில் இறக்கலாம், அது நோம் என்கிற குட்டி இனத்தை மட்டும் கொல்லும். இறக்கி என்ன செய்வது? கோட்டையில் அதற்கு உருப்படியான ஒரு பயனும் இல்லை, வணிகரிடம் விற்கலாம். சண்டையில் வாள் மேல் எதிரியின் ரத்தம் ஒட்டுகிறது, அதையும் ஆட்டம் குறித்து வைக்கிறது. ஆக, குப்பி இருக்கிறது, குப்பிக்குள் நஞ்சு இருக்கிறது, ஆயுதத்தின் மேல் பூச்சு என்ற கருத்து இருக்கிறது, குத்தினால் வேலை செய்யும் நஞ்சு என்ற கருத்தும் இருக்கிறது. ஒரு குள்ளர் குப்பியையும் வாளையும் எடுத்துக்கொண்டு உட்காரும் அந்த வேலை மட்டும் இல்லை.

அந்த வேலையைச் சேர்த்தால் எனக்கு இப்படி வேண்டும். ஒரு பட்டறை, ஒரு குப்பி, ஓர் ஆயுதம், ஒரு திறமை. திறமை குறைந்தவர் தடவினால் கொஞ்சம் தரையில் சிந்த வேண்டும், கொஞ்சம் கையில் பட வேண்டும். தோலில் பட்டாலே வேலை செய்யும் நஞ்சாக இருந்தால் கையுறை இல்லாதவர் பாடு அவ்வளவுதான். வாளில் ஏறின பூச்சுக்கு அளவு இருக்க வேண்டும், ஒவ்வொரு வெட்டிலும் அது குறைய வேண்டும், முதல் எதிரிக்குக் கிடைத்தது ஐந்தாவது எதிரிக்குக் கிடைக்கக் கூடாது. மழையில் நின்றால் கரைய வேண்டும், ஆற்றில் இறங்கினால் போய்விட வேண்டும். பனிப் பிரதேசத்தில் கோட்டை கட்டியிருந்தால் அது உறைய வேண்டும். இதற்கு ஆட்டம் தயாராகவே இருக்கிறது, சிலந்தி விஷத்துக்கு உறைந்த நிலை என்று தனிப் பெயரே கோப்பில் உண்டு. உறைந்த விஷம் காயத்துக்குள் போய் உடம்புச் சூட்டில் உருகி வேலை செய்யலாமா, அதற்குள் உதிர்ந்துவிடுமா என்பதைத் தீர்மானிப்பது ஒரு நல்ல வடிவமைப்பாளருக்குச் சுவையான வேலை.

சம்மட்டி வைத்திருப்பவருக்குச் சிலந்தி விஷம் உதவக் கூடாது, சம்மட்டி எலும்பை நொறுக்கும், தோலைத் துளைப்பது அதன் வேலை இல்லை. ஈட்டிக்கும் அம்புக்கும்தான் இதில் முதல் மரியாதை. கவசம் போட்ட எதிரியிடம் முனை உள்ளே இறங்காவிட்டால் பூச்சு கவசத்தில் துடைபட்டு நிற்க வேண்டும், அந்தக் கவசத்தைப் பிறகு நம் ஆட்களே கழற்றிக் கிடங்குக்குத் தூக்கி வருவார்கள் என்பதை மறக்க வேண்டாம். வெண்கல ராட்சதன் வந்தால் எந்த நஞ்சும் பிரயோஜனப்படாது, உடம்பெல்லாம் வெண்கலம், ரத்தமே கிடையாது. யானை அளவு மிருகத்துக்கு வீரியம் குறையும், அதற்கான விதி ஏற்கெனவே இருக்கிறது. இவ்வளவு தடை வைத்தால் யார் பயன்படுத்துவார்கள் என்று கேட்கலாம். நான் பயன்படுத்துவேன். நோம்களின் ஊருக்குப் பக்கத்தில் கோட்டை கட்டி, கோபோல்ட் பல்ப் செடிகளைத் தேடிப் பறித்து, ஒரு குறிப்பிட்ட போருக்காக ஒரு குறிப்பிட்ட நஞ்சைத் தயார் செய்கிற ஆட்டம் எனக்கு வேண்டும். எல்லா வாளுக்கும் எப்போதும் பச்சை நிறத்தில் கூடுதல் சேதம் என்ற கணக்கு வேறு நூறு ஆட்டங்களில் கிடைக்கிறது.

இன்னொன்றும் சேர்க்கலாம். ஆட்டத்தில் ஒவ்வொரு நாகரிகத்துக்கும் ஒழுக்கம் எழுதப்பட்டிருக்கிறது: மரம் வெட்டுவது, மிருகத்தைக் கொல்வது, அடிமை வைப்பது, சித்திரவதை, ஒவ்வொன்றையும் யார் ஏற்பார்கள், யார் பாவம் என்பார்கள் என்று. விஷ ஆயுதத்துக்கும் அப்படி ஒரு வரி இருந்தால், அண்டை நாடு ஒன்று இதற்காகவே நம்மோடு வணிகத்தை முறித்துக்கொள்ளலாம். நம் பக்கத்து வீரக்கதைகளில் எதிரியை முதுகில் குத்தினவனுக்கு எவ்வளவு இழுக்கு! குள்ளர்களுக்கும் அந்த மானம் இருக்கட்டும்.

அதுவரைக்கும், பாதாளக் குகையைத் திறக்கிற கோட்டைகளில் நான் முதலில் கட்டுவது குளியல் வாய்க்கால். குகையிலிருந்து மேலே வருகிற ஒரே வழியை மறித்து மூன்று கட்ட நீளத்துக்கு ஒரு தாழ்வான வாய்க்கால், இரண்டு பக்கமும் இறங்கி ஏறச் சரிவு. அதில் தண்ணீர் எப்போதும் 3 நிற்க வேண்டும். 4 ஆனால் நீச்சல் பிரச்சினை வந்துவிடும், 1-க்கு இறங்கினால் ஆவியாகிவிடும். நடந்து போகிறவர்கள் மேல் ஒட்டிய ரத்தமும் நஞ்சும் அதில் கழுவிப் போகும். சரியாக 3 நிறுத்துவது எப்படி என்று மாமாவிடம் கேட்டபோது வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார், "பக்கத்துல மூணு கட்டத்துக்கு ஒரு தொட்டி கட்டி ரொப்பிக்க மாப்ளே. மூவேழு இருபத்தொண்ணு. மடையைத் திறந்தா தொட்டி மூணு, மடை நிக்கிற கட்டம் ஒண்ணு, வாய்க்கா மூணு, ஏழு கட்டத்துக்கும் சமமாப் பரவும்." 21-ஐ ஏழால் வகுத்தால் 3. அப்படியேதான் கட்டினேன், தொட்டிக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் ஒரு மதகு, அதற்கு ஒரு லீவர், தொட்டியை நிரப்ப வாளியோடு ஆட்கள். பரவினதும் மதகை மூடிவிட வேண்டாம், திறந்தே கிடக்கட்டும், அப்போதுதான் தொட்டியில் தண்ணீர் சேர்க்கும்போது வாய்க்காலும் அதே மட்டத்துக்கு வரும். வாளிக்காரர்களை மட்டும் 3-ஐத் தாண்டாமல் நிறுத்திக்கொள்ள வேண்டும். மாக்மா வருகிற இடமில்லை என்பதால் மதகுக்கு இரும்பு தேவையில்லை, கிடைக்கிற கல்லே போதும்.